கெண்டைக்குக் கம்புத் தூண்டில்: பிள்ளைகளோடு செய்து பழகியவை

வடசென்னையின் கொளத்தூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வரும் ஆறேழு பிள்ளைகளுக்கு, சக்கரம் இல்லாத நீண்ட கம்பில் பெரிய கெண்டைகளைப் பிடிக்கும் நுட்பங்களைக் கற்றுக்கொடுப்பதற்காக நாங்கள் செய்த கருவிகளையும், அவற்றைக் கொண்டு பழகிய முறையையும் இந்தப் பதிவில் எழுதிவைக்கிறேன். பிள்ளைகள் அனைவரும் 12 முதல் 16 வயதுக்குள் இருப்பவர்கள். தூண்டிலுக்குப் புதியவர் யாரும் அவர்களில் இல்லை. கொளத்தூர்ப் பிள்ளைகள் ரெட்டேரிக் கரையில் மூங்கில் குச்சியும் நாக்குப்பூச்சியுமாக ஜிலேபி மீன் பிடித்து வளர்ந்தவர்கள். காசிமேட்டுப் பிள்ளைகளுக்குக் கைத்தூண்டில் வீட்டுத் தொழிலோடு சேர்ந்தது. தங்கூசி நரம்பில் முள் கட்டும் முடிச்சை அவர்கள் இருட்டிலும் போடுவார்கள், அதில் நான் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள ஒரு கட்லாவோ சாதாக் கெண்டையோ கம்பின் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பில் மாட்டினால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. சக்கரத் தூண்டிலில் மீன் ஓடினால் நரம்பு அவிழ்ந்து கொடுக்கும். கைத்தூண்டிலில் கையே விட்டுக் கொடுக்கும். கம்புத் தூண்டிலில் கட்டிய நீளம் கட்டியதுதான் என்பதால், மீனின் முதல் ஓட்டத்திலேயே நரம்பு அறும், அல்லது முள் அதன் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அறுந்த நரம்பையும் முள்ளையும் வாயில் சுமந்தபடி ஒரு மீன் போவதை என் மனம் ஏற்பதில்லை. இந்தப் பயிற்சியைத் தொடங்கியதற்கு அதுவே முதல் காரணம்.

ஐரோப்பாவின் போட்டித் தூண்டில்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் லண்டனின் லீ ஆற்றங்கரையில் மூங்கில் கம்புகள் இருந்த இடத்தில் இன்று கார்பன் இழையால் ஆன, 16 மீட்டர் வரை நீளக்கூடிய கம்புகள் வந்துவிட்டன. அவற்றின் நுனிப் பக்கத்து இரண்டு மூன்று துண்டுகளுக்குள் எலாஸ்டிக் ஒன்றை ஓடவிட்டு, நரம்பை அந்த எலாஸ்டிக்கின் முனையில் கட்டுகிறார்கள். மீன் ஓடும்போது கம்பின் நுனியிலிருந்து எலாஸ்டிக் நீண்டு வெளியே வரும். மீன் தளரும்போது தானே உள்ளே போகும். ஒரு பிள்ளையின் கைவலிமை எவ்வளவு என்பது அதன்பிறகு பொருட்டே இல்லை. எங்கள் வேலையில் பாதி, இந்த அமைப்பைச் சென்னையில் கிடைக்கும் பொருள்களால் செய்வதில் சென்றது.

இடம் வடபெரும்பாக்கம் பக்கம் உள்ள ஒரு தனியார் மீன் வளர்ப்புக் குட்டை. புழல் ஏரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அது நகரத்தின் குடிநீர்த் தேக்கம் என்பதால் அங்கே போகும் பேச்சுக்கே இடமில்லை என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். குட்டைக்காரர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: எடுத்துச்செல்லும் மீனுக்கு எடைக்குரிய பணம் கொடுக்க வேண்டும், திரும்ப விடும் மீனைக் காயமின்றி விட வேண்டும். இரண்டும் நியாயமானவை, இரண்டாவது நிபந்தனைதான் எங்கள் கருவிகளின் அளவுகள் ஒவ்வொன்றையும் தீர்மானித்தது.

குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை ஆகிய நான்கும் சேர்த்து வளர்க்கப்படுகின்றன. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் ஊசி மூலம் கெண்டை இனங்களை முட்டையிட வைத்ததன் பிறகே இவற்றில் முதல் மூன்றின் குஞ்சுகளை வேண்டிய அளவில் உற்பத்தி செய்ய வழி பிறந்தது; ஒரே குட்டையில் இத்தனை வகைகளைச் சேர்த்து விடுவது எளிதானதும் அதனால்தான். சேர்த்து விடுவதற்கான காரணமே எங்கள் முதல் பாடமாயிற்று. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அது நீரின் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்து மீன். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமட்டத்தில் இரை தேடுபவை. சாதாக் கெண்டையின் உதட்டோரத்தில் இரண்டு ஜோடி மீசைகள் இருக்கும், அதன் வாய் குழாய்போல் முன்னுக்கு நீண்டு சேற்றை உறிஞ்சி, வேண்டாததை ஊதித் தள்ளும். ஆகவே எந்த மீன் வேண்டும் என்பதை இரை எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இரையை ஒரே புள்ளியில், விரும்பிய ஆழத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் வைக்க முடிகிற தூண்டில் கம்புத் தூண்டில் ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்ற நுட்பங்கள் எல்லாம் இந்தத் துல்லியத்துக்குத் துணை நிற்பவை.

இனி எலாஸ்டிக் வேலை. 5.4 மீட்டர் நீளமுள்ள, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கண்ணாடி இழைக் கம்புகளை வாங்கினோம். இவற்றின் நுனித் துண்டு உள்கூடு இல்லாத குச்சி. அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, அடுத்த இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். எலாஸ்டிக் வெளியே வரும் துளை போதிய அகலமாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தில் முதலில் செல்லோடேப்பை இறுக்கமாகச் சுற்றி, அதன் மேலேயே பொடிப்பல் ரம்பத்தால் கம்பை உருட்டி உருட்டி அறுத்தோம். டேப் சுற்றாமல் அறுத்தால் கண்ணாடி இழை நீளவாக்கில் பிளந்துவிடும். அறுத்த விளிம்பைத் தண்ணீர்க் காகிதத்தால் ஈரத்தோடு தேய்த்தோம். கண்ணாடி இழைத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் கெடுதல். ஈரமாகத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

இங்கிலாந்தில் இந்த நுனிக்கென்றே டெஃப்லான் புஷ் என்ற வழுவழுப்பான உறை விற்கிறார்கள். அதற்குப் பதிலாக, முப்பரிமாண அச்சு எந்திரங்களில் பயன்படும் டெஃப்லான் குழாயை ரிச்சி தெருவில் வாங்கினோம். வெளி அளவு 4 மி.மீ., உள் அளவு 3 மி.மீ. ஒரு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, கம்பின் துளைக்குள் இறுக்கமாகச் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைச் சூடேற்றிய ஸ்குரூ டிரைவரின் உருண்டைத் தண்டால் இலேசாக அழுத்தி விரித்தோம். டெஃப்லானை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் நச்சுப் புகை வரும் என்பதால், தீயில் நேரடியாகக் காட்டாமல், திறந்தவெளியில், இந்த ஒரு வேலையைப் பெரியவர்கள் மட்டுமே செய்தோம். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தாலும் எலாஸ்டிக்கை நாளடைவில் அறுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு காசிமேட்டுப் பெண் எளிய வழி சொன்னாள்: கிழிந்த நைலான் காலுறைத் துணியைத் துளைக்குள் விட்டு இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் மாட்டிக்கொள்ளும். வலை பழுது பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கே தோன்றக்கூடிய யோசனை இது. ஒவ்வொரு கம்பையும் அப்படிச் சோதித்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

எலாஸ்டிக்கை மட்டும் உள்ளூரில் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. வளையல், மணி கோக்கும் எலாஸ்டிக் நூல் வெயிலில் சீக்கிரம் இற்றுவிடுகிறது. ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைக்கும் ரப்பர்க் குழாய் நல்ல தரம்தான், ஆனால் இந்தத் துளைக்குள் நுழையாது. தூண்டில் கம்புக்கென்றே செய்யப்படும், உள்கூடான, சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள லேடெக்ஸ் எலாஸ்டிக்கை இணையத்தில் வரவழைத்தோம். அதை ஒரு மெல்லிய எஃகுக் கம்பியின் வளையத்தில் மாட்டி, கம்பின் அடிப்பக்கத்திலிருந்து நுனிக்கு இழுத்தோம். வழுக்கலுக்கு சிலிக்கான் எண்ணெய் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தையல் எந்திர எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் லேடெக்ஸை ஊறவைத்து வலுவிழக்கச் செய்யும்.

அடிப்பக்கத்து முனையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆப்பு தேவை. ஹார்டுவேர் கடையில் சுவரில் அடிக்கும் ரால் பிளக்கைத் தேய்த்து, துண்டின் உள்சுவரோடு பொருந்தும்படி செய்து, அதில் எலாஸ்டிக்கைக் கட்டினோம். ஆப்பு துண்டுக்குள் முழுதும் அடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கம்பை மடக்க முடியாது. நுனிப்பக்கத்தில் தடித்த பின்னல் நூலால் ஒரு சிறு கண்ணி கட்டினோம். தூண்டில் நரம்பின் கண்ணி இதில் மாட்டும். எலாஸ்டிக்கை ஒரு முறை நன்றாக நீட்டி, ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் தொய்ந்த பகுதியை வெட்டிச் சரிசெய்தோம். கண்ணி நுனியில் வந்து தானே உட்கார வேண்டும், ஆனால் அறைந்துகொண்டு உட்காரக் கூடாது. அந்த அளவு இறுக்கமே சரியானது.

அதன்பின் கொக்கித் தராசை வைத்துப் பார்த்தோம். வலுவின் வரிசை இதுதான்: முள் கட்டிய சிறு நரம்பு 0.17 மி.மீ., தக்கை கட்டிய நீள நரம்பு 0.20 மி.மீ., எலாஸ்டிக்கின் முழு நீட்சியில் வரும் இழுவிசை இவ்விரண்டின் தாங்குதிறனுக்கும் கீழே. எதற்கேனும் மாட்டி அறுந்தால் முள்ளோரத்து அரைச் சாண் நரம்பு மட்டுமே அறும். தக்கையும் எடைகளும் மீனோடு போகாது. முட்களில் பின்னோக்கி நீட்டி நிற்கும் செதிலை எல்லாம் குறட்டால் நசுக்கி மழுங்கச் செய்தோம். செதில் இல்லாத முள்ளிலிருந்து மீன் தப்பிவிடும் என்று பிள்ளைகள் அஞ்சினார்கள். எலாஸ்டிக் ஒருபோதும் தொய்வதில்லை ஆகையால் முள் தானே கழன்றுவிழ வாய்ப்புக் குறைவு என்பதை மீன் மாட்டிய பிறகே ஏற்றுக்கொண்டார்கள்.

நண்பர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த 9.5 மீட்டர் கார்பன் கம்பு ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. இது துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் வகை. இதைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வடசென்னையில் மணலி, மாதவரம் பக்கத்து வெட்டவெளிகளின் மேல் உயரழுத்த மின்கம்பிகள் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். மின்கம்பியிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியே இந்தக் கம்பைப் பிரிக்கவும் நீட்டவும் வேண்டும். ஈரமான மூங்கிலுக்கும் இதே விதி. இடி மேகம் கண்ணில் பட்டாலே எல்லாவற்றையும் மடக்கிவிட வேண்டும். பிள்ளைகள் கரைக்கு வந்ததும் முதலில் அண்ணாந்து பார்த்து, கம்பி எங்கே போகிறது என்று கையால் காட்டிவிட்டுத்தான் பையைத் திறக்கலாம் என்று வழக்கப்படுத்தியிருக்கிறேன்.

துண்டுக் கம்பைப் பின்னோக்கி நகர்த்திக் கழற்றுவதற்கு ஓர் உருளைத் தாங்கி வேண்டும். பி.வி.சி. குழாயால் கால்கள் செய்து, மேலே இரண்டு குழாய்களைச் சாய்வாக எதிரெதிரே வைத்து, அவற்றின்மேல் ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை உறையை மாட்டினோம். பெரிய வேலை இல்லை. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிட்டது.

தாங்கியைவிட, கம்பை அதன்மேல் நகர்த்தும் பழக்கம்தான் நேரம் பிடித்தது. இதைக் குட்டைக்கரையில் கற்றுக்கொடுக்காமல், கொளத்தூரில் ஒரு விளையாட்டுத் திடலில் தரையில் வைத்தே பழக்கினேன். கம்பின் நுனியில் ஒரு சோடா பாட்டில் மூடியைக் கட்டி, அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, ஒன்பது மீட்டர் நீளத்துக்கும் கம்பைச் சேர்த்துச் சேர்த்து முன்னே தள்ள வேண்டும். தண்ணீர் சிந்தக் கூடாது. எல்லோரும் முதலில் அவசரப்பட்டுத் தள்ளினார்கள், நுனி ஆடியது, மூடி காலியானது. வலது கை தள்ளும் வேலையை மட்டும் செய்ய, இடது கை கம்புக்கு அடியில் விரித்த உள்ளங்கையாக வெறும் தாங்கலாக இருக்க வேண்டும் என்பது பிடிபட்டதும், நுனி நேர்க்கோட்டில் ஓடத் தொடங்கியது. சின்னவன் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி, கடைசித் துண்டைச் சேர்த்து முடித்து, மூடியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பதை மற்றவர்கள் ஓடிப்போய்ப் பார்த்து உரக்கச் சொன்னபோது, இவர்களுக்கு இனி மற்றவை எளிது என்று எனக்கு நம்பிக்கை வந்தது. தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோகிற கை, இரையையும் சிந்தாமல் கொண்டுபோகும்.

குட்டையில் முதல் வேலை ஆழம் பார்ப்பது. முள்ளை மாட்டுவதற்கென்று அடியில் தக்கைத் துண்டு ஒட்டிய ஈயக் கட்டி ஒன்று செய்தோம். முள்ளைத் தக்கையில் குத்தி, ஈயத்தைத் தரைவரை இறக்க வேண்டும். மிதவைத் தக்கை முழுகினால் நரம்பின் நீளம் போதவில்லை. மிதவை சாய்ந்து படுத்தால் நரம்பு அதிகம். வண்ணம் தீட்டிய முனை மட்டும் நீர்ப்பரப்பைத் தொட்டு நின்றால் அந்த இடத்தின் ஆழம் கிடைத்துவிட்டது. இதை ஒரே இடத்தில் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. முன்னும் பின்னும் இடமும் வலமும் அரை மீட்டருக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத குட்டையின் அடித்தளம் மனதில் வரையப்பட்டுவிடும். எங்கள் குட்டையில் கரையிலிருந்து நான்கு மீட்டர் வரை தரை மெல்லச் சரிந்து, பிறகு ஒரு முழ அளவுக்குச் சட்டென்று இறங்கிச் சமதளமாகிறது. அந்தச் சரிவின் அடிவாரத்தில்தான் உணவு வந்து தங்கும். சாதாக் கெண்டைக்கு அதுவே இடம். கிடைத்த ஆழத்தைக் கம்பின் நுனித் துண்டோடு முள்ளை ஒப்பிட்டுப் பிடித்து, மிதவை வரும் இடத்தில் வெள்ளைத் திருத்து மையால் ஒரு கோடு போட்டுவிடுவோம். நரம்பு அறுந்து புதிதாகக் கட்ட நேர்ந்தாலும் அதே ஆழம் ஒரு நிமிடத்தில் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தரும் வேலை இதுதான். நான் விட்டுக்கொடுக்காததும் இதில்தான்.

மிதவைக்கு நெட்டியைச் செதுக்கி, நடுவில் மயிலிறகுத் தண்டைச் செருகி, மேலே வார்னிஷ் பூசினோம். நெட்டி மிக இலேசானது. கெண்டை இரையை உறிஞ்சும்போது எதிர்ப்பை உணராது. எடைக்கு, ஈயம் கலவாத சால்டர் கம்பியைத் துண்டாக்கி நரம்பில் சுற்றிக்கொண்டோம். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால் 1987 முதல் சிறிய ஈய எடைகளுக்குத் தடை உண்டு. எங்கள் குட்டைக்கும் நாரைகளும் முக்குளிப்பான்களும் வருகின்றன. அடிமட்டத்து மீனுக்கு எடை முழுவதையும் முள்ளுக்கு அரை மீட்டர் மேலே குவித்து, அதன்கீழ் இரண்டு சிறு எடைகளை மட்டும் தனித்தனியே வைப்போம். ரோகுவுக்கு அதே எடையைப் பல துண்டுகளாக்கி நரம்பு நெடுகச் சமமாகப் பரப்பினால், இரை தானாக விழும் உணவைப்போல் மெதுவாக இறங்கும். முற்பகல் தாண்டிக் கடற்காற்று தொடங்கிவிட்டால் கம்பின் நுனிக்கும் மிதவைக்கும் இடையே உள்ள நரம்பு காற்றில் வளைந்து மிதவையை இழுக்கும். அந்த நரம்பின் மேலும் ஒரு சிறு எடையை வைத்தால் அது நீருக்குள் அமிழ்ந்து அடங்கிவிடும்.

தூவுவதற்குத் தவிடும் பொடித்த கடலைப் புண்ணாக்கும் ஈரமாகக் கலந்த உருண்டை. குட்டைக்காரரும் இதையே துளையிட்ட பைகளில் அடைத்து மூங்கில்களில் கட்டித் தொங்கவிடுகிறார் என்பதால், மீன்களுக்கு இது பழகிய மணம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும் இயல்புடையது. ஆகவே நெல்லிக்காய் அளவில், அடிக்கடி, எப்போதும் மிதவையின் அடியிலேயே விழும்படி கம்பின் நுனியில் கட்டிய சிறு மூடியில் வைத்துக் கொட்ட வேண்டும். கையால் வீசினால் நான்கு பக்கமும் சிதறும், மீன்களும் சிதறும்.

முள்ளில் மாட்டும் இரைக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் மிதக்கும் தீவனக் குருணையை எடுத்துக்கொண்டோம். அது மிதப்பதால் அடிமட்டத்துக்கு உதவாது. 50 மி.லி. சிரிஞ்சில் குருணையைப் போட்டு, தண்ணீர் இழுத்து, காற்றை வெளியேற்றி, முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுத்தால், குருணைக்குள் இருக்கும் காற்று குமிழ்குமிழாக வெளியேறும். பிஸ்டனை விட்டதும் அந்த இடத்தில் தண்ணீர் புகும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் குருணை அப்படியே மூழ்கத் தொடங்கும். சற்று நேரத்தில் முள் குத்தும் அளவுக்கு மிருதுவாகிவிடும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இது. தேவைக்கு மேலாகவே செய்து குவித்தார்கள். கடினமான குருணையை மாட்ட வேண்டுமானால், சைக்கிள் வால்டியூபை மெல்லிய வளையமாக அரிந்து, முள்ளின் பின்புறம் கட்டி, அந்த வளையத்துக்குள் குருணையைப் பிடிக்க வைக்கலாம்.

கட்லாவுக்கு முறையே வேறு. ஆழத்தை இரண்டடிக்குக் குறைத்துக்கொண்டு, குருணை விழும் ஓசையைப்போலக் கேட்கும்படி மிதவையை நீரின்மேல் மூன்று நான்கு முறை தட்டிவிட்டு, இரையை மெல்ல இறங்கவிட வேண்டும். கெண்டை இனங்களின் காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் இடையே சிறு எலும்புகளின் தொடர் ஒன்று இருப்பதால் அவற்றின் கேட்கும் திறன் மிகவும் கூர்மையானது. தீவனம் விழும் ஓசையைப் பழகிய குட்டை மீன்கள் தட்டும் திசைக்குத் திரும்புகின்றன. அதே காரணத்தால் கரையில் குதிப்பதும் வாளியை உருட்டுவதும் கூடாது.

கொத்தைப் படிப்பதில்தான் உண்மையான தேர்ச்சி இருக்கிறது. அடிமட்டத்தில் சாதாக் கெண்டை இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கும்போது, முள்ளுக்கு அருகிலுள்ள சிறு எடைகளையும் சேர்த்துத் தூக்குவதால், மிதவை மூழ்காமல் மேலே எழும்பும். ஜிலேபிக்குப் பழகிய கண் அதைக் கொத்தாகவே எடுத்துக்கொள்ளாது. மாறாக, மிதவை நடுங்கி, ஒரு பக்கம் வழுக்கிப்போய்த் திரும்பி வந்தால், மீனின் உடம்பு நரம்பில் உரசுகிறது என்று பொருள். அப்போது சுண்டினால் முள் செதிலிலோ துடுப்பிலோ குத்தும். உரசல்கள் அதிகமானால் தூவுவதைக் குறைக்க வேண்டும்.

காசிமேட்டுப் பிள்ளைகளின் கைப்பழக்கத்தை மாற்றுவதே எனக்குக் கடினமாக இருந்தது. கடலில் இருபது பாகம் (விரித்த இரு கைகளின் அகலம் ஒரு பாகம்) ஆழத்தில் கொத்தும் மீனுக்கு முழங்கை வரை வெட்டி இழுத்தால்தான் முள் ஏறும். இங்கே ஒரு சாண் அளவு கம்பை உயர்த்தினால் போதும். மீதியை எலாஸ்டிக் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் பெரியவன் ஒருவன் முதல் நல்ல மீனை மாட்டியதும் கம்பை இரண்டு கைகளாலும் மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டான். நீல எலாஸ்டிக் கம்பின் நுனியிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டு, நீருக்குள் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, இழுக்குதுண்ணா!"

"இழுக்கட்டும். நீ இழுக்காத. கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டுல வை."

அவன் தாழ்த்தினான். கம்பை உயர்த்திப் பிடித்தால் மீன் மேற்பரப்புக்கு வந்து அடித்துப் புரளும். நேராக மீனை நோக்கி நீட்டினால் கம்பின் வளைவு வீணாகும். தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்தால் மீன் வளைந்து வளைந்து நீந்தித் தானே களைக்கும். மீன் போகும் திசைக்கே கரையோரம் இரண்டடி நடந்து, அது நின்ற நொடியில் மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். காற்றாடியை விட்டுப் பிடிக்கத் தெரிந்த வடசென்னைக் கைகளுக்கு இந்தக் கணக்கு விரைவில் வந்துவிடுகிறது. அன்று கைவலைக்கு வந்தது இரண்டு கிலோவுக்குச் சற்று மேலான சாதாக் கெண்டை. மேலுதட்டின் நடுவில் முள் தைத்திருந்தது, கிழிசல் இல்லை.

மீனைத் தரையில் வைப்பதில்லை. ரெக்சின் தைத்த நுரைப் பாயை நனைத்து, அதன்மேல் ஈரக்கையோடு பிடித்து, மழுங்கிய முள்ளை ஃபோர்செப்ஸால் கழற்றிவிடுவோம். உடம்பின் மேலுள்ள வழுவழுப்புப் பூச்சு உரிந்துவிட்டால் மீனுக்கு நோய் தொற்றும் என்பதால் சாக்கும் காய்ந்த துணியும் வேண்டாம். அதேபோல் விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதந்தால் அன்று தூண்டில் போடுவதில்லை. இரவு முழுதும் பாசியும் மீன்களும் சுவாசித்ததில் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் நேரம் அது; போராடிக் களைத்த மீன் அந்நீரில் மீளாது. வெயில் ஏறும்வரை காத்திருப்போம், அல்லது குட்டைக்காரரிடம் சொல்லி ஏரேட்டரை ஓடவிட்டுத் திரும்பிவிடுவோம்.

இப்போது கையில் இருக்கும் வேலை கார்பன் கம்பின் நுனித் துண்டுத் தொகுதி. அண்மையில் ஒரு பெரிய கட்லா கரைக்கு அருகில் வந்தும், எலாஸ்டிக் நீண்ட நிலையிலேயே இருந்ததால், கைவலைக்கு எட்டும் தூரத்துக்கு அதை உயர்த்த நெடுநேரம் பிடித்தது. மீனுக்கு அவ்வளவு நேரப் போராட்டம் நல்லதில்லை. இதற்கென ஐரோப்பியக் கம்புகளில் இருக்கும் பக்கத் துளை முறையைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். நுனித் தொகுதியின் அடியிலிருந்து முக்கால் மீட்டர் மேலே, பக்கவாட்டில் ஒரு நீள்துளையிட்டு, அதற்கும் டெஃப்லான் உறை வைத்து, அடிப்பக்கத்து ஆப்பை நீக்கிவிட்டு, எலாஸ்டிக்கின் அடிமுனையை அந்தத் துளை வழியே வெளியே எடுத்து ஒரு பெரிய மணியில் கட்ட வேண்டும். மீன் ஓடும்போது மணி துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். மீன் அருகில் வந்ததும் மணியைப் பிடித்து எலாஸ்டிக்கைக் கை மாற்றிக் கை மாற்றி வெளியே இழுத்துச் சுருக்கிக்கொள்ளலாம். கார்பனில் துளையிடும்போது துண்டுக்குள் இறுக்கமான மரக்குச்சி ஒன்றைச் செருகிக்கொண்டு, சிறு துளையில் தொடங்கி ஊசி அரத்தால் அகலப்படுத்துகிறோம். துளையின் விளிம்பைக் காலுறைத் துணியால் சோதித்ததில் இன்னும் ஒரு பக்கம் நூல் மாட்டுகிறது; அதைத் தேய்த்து முடித்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய வாளியை வைத்து இழுத்துப் பார்த்த பிறகே குட்டைக்குக் கொண்டுபோவோம்.